காலணாவில் பிறந்த இருப்புப்பாதை

கொள்ளிடத்தின் வடகரையில், ஆறு வடக்கு நோக்கி வளையும் இடத்தில் இருக்கின்றது திருமழபாடி. மழவர் தங்கிய பாடி ஆதலின் மழபாடி ஆயிற்று என்பது அப்பெயர்க்குக் கூறப்படும் விளக்கம். மூவர் தேவாரமும் பெற்ற அவ்வூரில், பங்குனித் திங்களில் நந்தி திருமணம் நடைபெறும் நாளன்று சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தெல்லாம் மக்கள் திரண்டு வருவர். வண்டி கட்டி வந்த காலம் போய்ப் பேருந்தேறி வரும் காலம் வந்துவிட்டது. ஆனால், தொடர்வண்டியில் வந்திறங்கும் காலம் மட்டும் அவ்வூருக்கு இன்றளவும் வரவில்லை.

வடக்கே அரியலூர் நிலையம். தெற்கே ஆற்றைத் தாண்டினால் தஞ்சை நிலையம். இவ்விரண்டையும் இணைத்து ஒரு பாதை வேண்டும் என்பது இருகரை மக்களின் நெடுநாள் வேண்டுகோள். விழுப்புரத்தையும் திருச்சிராப்பள்ளியையும் இணைக்கும் குறுக்குப் பாதை 1920-களின் இறுதியில் அரியலூர் வழியே இடப்பட்டது. அது நெடுந்தொலைவு வண்டிகள் விரைந்து கடப்பதற்கென்று இட்ட பாதை. அதிலிருந்து ஒரு கிளை பிரிந்து கொள்ளிடக்கரைச் சிற்றூர்களைத் தொடவில்லை. பெரம்பலூர், மாவட்டத் தலைநகரான பின்னும் தொடர்வண்டி நிலையம் இல்லாத ஊராகவே இருக்கின்றது. அரியலூர் மண்ணை அகழ்ந்தெடுக்கும் சுண்ணாம்புக்கல் சிமெந்தாகிச் சரக்கு வண்டியேறிச் செல்கின்றது. அம் மண்ணை உழுபவனோ பேருந்து நிறுத்தத்தில் நிற்கின்றான். கல்லுக்குக் கிடைத்த வழி, கல்லுக்குரிய மண்ணின் மக்களுக்குக் கிடைக்கவில்லை.

பாதையே பெறாதது ஒரு குறை. பெற்ற பாதையை இழப்பது அதனினும் பெருங்குறை. அக்குறை நேர்ந்த இடம் தொலைவில் இல்லை. திருமழபாடியினின்று ஆற்றைக் கடந்து தஞ்சை மண்ணில் கிழக்கு நோக்கிச் சென்றால், தம் கைப்பொருளைக் கொண்டே இருப்புப்பாதை கண்ட மக்களையும், அப்பாதையின் கிளைகள் ஒவ்வொன்றாய்ப் பட்டுப்போன வரலாற்றையும் காணலாம். பாதை கேட்கும் மக்களும் பாதை இழந்த மக்களும் ஒருசேர அறிய வேண்டிய வரலாறு அது.

தஞ்சைத் தரணிக்குத் தொடர்வண்டி முதலில் வந்தது 1861-இல். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வரையிலும், அடுத்த ஆண்டு திருச்சிராப்பள்ளி வரையிலும் அப்பாதை நீண்டது. அதை இட்டது இலண்டனில் அமைந்த ஒரு வணிகக் குழுமம். அக்குழுமத்தில் பணம் போட்ட வெள்ளையர்க்கு ஆண்டுதோறும் நூற்றுக்கு ஐந்து விழுக்காடு வட்டி உறுதி என்று அரசு எழுதிக் கொடுத்திருந்தது. வண்டியில் ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும், சரக்கு வந்தாலும் வராவிட்டாலும் அவ்வட்டி இலண்டனுக்குச் சென்றே தீரும். பாதையின் வருவாய் போதாவிடின், குறையை இந்நாட்டு மக்களின் வரிப்பணம் நிரப்பும். இதனை எவரும் அந்நாளில் ‘இழப்பு’ என்று சொல்லிப் பாதையை மூடவில்லை. ஆள்வோர்க்கு வேண்டிய பாதை என்றால் இழப்பும் முதலீடாகிவிடும் போலும்!

இதற்குப் பின் ஒரு தலைமுறை கழித்து எழுந்தது மற்றொரு பாதை. அது தஞ்சை மாவட்டக் கழகம் இட்ட பாதை. மக்கள் வாயில் ‘சில்லா போர்டு இரயில்’ என்று வழங்கியது அதுவே. அதற்கு இலண்டன் பணம் இல்லை. ஐந்து விழுக்காட்டு உறுதியும் இல்லை. நிலத்தின் வரிமதிப்பில் உருபா ஒன்றுக்கு மூன்று பை வீதம் மக்களிடம் தனி வரி தண்டப்பட்டது. மூன்று பை என்பது காலணா. அந்தக் காலணாக்களைச் சேர்த்து வைத்து, அப்பணத்தைக் கொண்டு மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 54 கல் தொலைவுக்குப் பாதை இடப்பட்டது. 1894-ஆம் ஆண்டு ஏப்பிரல் 2-ஆம் நாள் அதில் வண்டி ஓடியது. 1902-இல் பட்டுக்கோட்டைக்கும், 1903-இன் இறுதியில் அறந்தாங்கிக்கும் பாதை நீண்டது. மொத்தம் ஏறத்தாழ 100 கல். ஒரு மாவட்டத்து உழவர் பெருமக்கள் தம் வரியால் ஆக்கிய இருப்புப்பாதை அது.

வண்டியை ஓட்டும் பொறுப்பு தென்னிந்திய இருப்புப்பாதைக் குழுமத்திடம் இருந்தது. ஆயினும் பாதை எங்கே போக வேண்டும் என்பதை அறுதியிட்டது அந்நிலத்தின் தேவை. நெல் விளையும் மருதத்தையும் உப்பு விளையும் நெய்தலையும் அது இணைத்தது. காவிரி நீரால் விளைந்த கூலம் மூட்டை மூட்டையாய் வண்டியேறியது. கடற்கரை உப்பும் மீனும் உள்நாடு புகுந்தன. தலைமைப்பாதை நகரையும் நகரையும் இணைக்கும்; கிளைப்பாதையோ களத்து மேட்டையும் கடைத்தெருவையும் இணைக்கும். உடலுக்குப் பெருங்குழாய் மட்டும் போதுமா? நுண்குழாய் இல்லையேல் விரல் நுனிக்குக் குருதி ஏறுமா?

இத் தாய்ப்பாதையைச் சுற்றிக் கிளைகள் பல தோன்றின. பேரளத்திலிருந்து பிரெஞ்சியர் ஆண்ட காரைக்காலுக்கு 1898-இல் ஒரு கிளை; நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்கு 1915-இல் ஒரு கிளை; திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரணியத்துக்கும், பின்னர்க் கோடிக்கரை வரைக்கும் ஒரு கிளை; மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926-இல் ஒரு கிளை. ஒவ்வொன்றும் சிறியதே. தரங்கம்பாடிக் கிளையின் நீளம் ஏறத்தாழ 30 கி.மீ. மட்டுமே. ஆனால் அந்தச் சிறு தொலைவுக்குள் எத்துணை ஊர்கள்! செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு என ஒவ்வொரு நிலையமும் ஒரு வரலாறு. 1620-இல் டேனியர் வந்திறங்கிய துறை தரங்கம்பாடி. தமிழெழுத்தை அச்சிலேற்றிய சீகன்பால்கு 1706-இல் கால் வைத்த கடற்கரையும் அதுவே. தென்னாப்பிரிக்க அறப்போரில் உயிரீந்த வள்ளியம்மையின் குடிவழி ஊர் தில்லையாடி. இவ்வூர்களின் மாணவரும் வணிகரும் கோயிலுக்குச் செல்வோரும் மருத்துவமனைக்குச் செல்வோரும் ஏறியது அந்தச் சிறு வண்டியில்தான்.

இனி அக்கிளைகள் பட்டுப்போனதைப் பார்ப்போம்.

1951-இல் தென்னகத் தொடர்வண்டித்துறை உருவாயிற்று. அரசியலமைப்புச் சட்டத்தின் ஒன்றியப் பட்டியலில் 22-ஆம் இனம் இருப்புப்பாதை. ஆகவே பாதை பற்றிய முடிவெல்லாம் தில்லிக்குச் சென்றது. மாவட்டக் கழகங்களும் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் மறைந்தன. காலணா வரி கொடுத்தவனின் பேரன், தன் பாட்டன் பணத்தில் இட்ட பாதையைப் பற்றி ஒரு சொல் சொல்வதற்கும் மன்றம் இல்லாதவன் ஆனான்.

1969-இல் ‘வருவாய் தாராக் கிளைப்பாதை’களை ஆய்வதற்கென்றே நடுவணரசு ஒரு குழுவை அமைத்தது. 1980-களில் தொடர்வண்டிச் சீர்திருத்தக் குழுவும் இத்தகைய பாதைகளை மூடுமாறு பரிந்துரைத்தது. இடைப்பட்ட 1976-இல், நெருக்கடிநிலைக் காலத்தில், மன்னார்குடிக் கிளை மூடப்பட்டது. 1986-இல் தரங்கம்பாடிக் கிளை மூடப்பட்டது. காரைக்கால் கிளையும் அதே பத்தாண்டில் மறைந்தது. கோடிக்கரை வண்டியும் நின்றது. மூடியதோடு விட்டார்களா? தண்டவாளத்தையும் பெயர்த்தெடுத்துச் சென்றனர்.

இதில் வியப்பொன்று உண்டு. வெள்ளையன் ஆட்சியிலும் தண்டவாளம் பெயர்க்கப்பட்டது. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு 1928-இல் இட்ட பாதையை இரண்டாம் உலகப் போரின்போது 1942-இல் பெயர்த்தெடுத்தான் அவன். அது போர்க்காலம்; அவன் அயலான். விடுதலைக்குப்பின் அப்பாதை 1950-களில் மீண்டும் இடப்பட்டது. அயலான் பெயர்த்ததை மீட்டுத் தந்த ஆட்சியே, போரில்லாக் காலத்தில் பிற பாதைகளைப் பெயர்த்தது என்றால், எண்ணிப் பார்க்க வேண்டாமா?

‘மக்கள் ஏறவில்லை, வண்டி இழப்பில் ஓடியது, மூடினோம்’ என்பது துறையார் கூற்று. அக்கூற்றில் ஒரு பாதி மெய். சாலைகள் செப்பமுற்றன; பேருந்துகள் பெருகின. வீட்டு வாயிலில் நிற்கும் பேருந்தை விட்டு, ஊர்ப்புறத்து நிலையத்துக்கு நடந்துபோய், நாளுக்குச் சில முறையே வரும் வண்டிக்குக் காத்திருப்பார் யார்? ஆனால், வண்டி ஏன் நாளுக்குச் சில முறையே வந்தது? சாலைக்குப் புதுப் பேருந்து வந்தபோது பாதைக்குப் புதுவண்டி ஏன் வரவில்லை? நீராவிப்பொறி இழுக்கும் பழைய பெட்டிகள், சரக்குப் பெட்டிகளோடு சேர்த்துக் கட்டிய கலப்பு வண்டி, நிலையந்தோறும் சரக்கு ஏற்றி இறக்கும் காத்திருப்பு என்றே அப்பாதைகள் கடைசிவரை விடப்பட்டன. ஒரு மாட்டுக்கு நாளும் தீனியைக் குறைத்துக்கொண்டே வந்து, பின்னர் ‘கறவை இல்லை’ என்று அடிமாட்டுக்கு அனுப்புவது போன்றது இது.

கணக்கிலும் ஓர் ஓட்டை உண்டு. பொறையாற்றில் ஏறிய ஒருவர் மயிலாடுதுறையில் வண்டி மாறிச் சென்னைக்குச் செல்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பயணத்தில் 30 கி.மீ. கிளைப்பாதையினது, எஞ்சியதெல்லாம் தலைமைப்பாதையினது. கிளையின் ஏட்டில் அவரால் வந்த வருவாய் சில காசுகளே. ஆனால், கிளை இல்லையேல் அவர் தலைமைப்பாதைக்கும் வாரார். பேருந்திலேயே சென்னைக்குச் சென்றுவிடுவார். ஓடை நீரால் ஆறு பெருகும். ஆற்றின் கணக்கில் ஓடைக்குப் பங்கில்லை என்று எழுதி ஓடையைத் தூர்த்தவன் ஆற்றையும் வற்றச் செய்தவன் ஆகின்றான்.

மேலும் ஒன்று. பேருந்து ஓடும் சாலையை இடுவதும் செப்பனிடுவதும் அரசின் பொருள். அச்செலவு பேருந்தின் கணக்கில் முழுமையாக ஏறுவதில்லை. தொடர்வண்டிக்கோ தண்டவாளமும் பாலமும் கடவுக் கதவும் நிலையமும் அனைத்தும் அதன் கணக்கிலேயே ஏறுகின்றன. ஒருவன் தோளில் கல்லை ஏற்றிவிட்டு, வெறுங்கையனோடு ஓடச் சொல்லிப் பந்தயம் வைத்தால், தோற்றவனைக் காலில்லாதவன் என்பது முறையா?

இக்கணக்கு பொய்த்துப்போனதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டா. மன்னார்குடியே சான்று. மூடிய 35 ஆண்டுகளுக்குப் பின், 2011 செப்தம்பரில், நீடாமங்கலம் – மன்னார்குடி அகலப்பாதையில் மீண்டும் வண்டி ஓடியது. இன்று மன்னார்குடியிலிருந்து சென்னைக்கு ‘மன்னை’ விரைவு வண்டியும், கோவைக்குச் ‘செம்மொழி’ விரைவு வண்டியும், திருப்பதிக்குப் ‘பாமணி’ விரைவு வண்டியும் புறப்படுகின்றன. இராசத்தானம் வரை ஒரு வண்டி செல்கின்றது. வருவாய் தாராது என்று மூடிய ஊர், நெடுந்தொலைவு வண்டிகள் பிறக்கும் ஊராகிவிட்டது! ஊர் மாறியதா? மக்கள் மாறினரா? இல்லை, பாதையைப் பார்க்கும் கண் மாறியது. அவ்வண்டிகளுக்குச் செம்மொழி என்றும், பாமணியாறு என்றும் மண்ணின் பெயர்கள் அமைந்ததும் மகிழத்தக்கதே.

வேதாரணியக் கிளையும் அவ்வாறே. 1930-இல் உப்பு அறப்போருக்குத் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்துவந்த தொண்டர்கள் உப்பெடுத்த மண் அது. அங்கே பல்லாண்டுகள் வண்டி இல்லாதிருந்து, 2023 ஏப்பிரல் 8-ஆம் நாள், திருத்துறைப்பூண்டி – அகத்தியம்பள்ளி இடையே 37 கி.மீ. அகலப்பாதையில் வண்டி விடப்பட்டது. செலவு 294 கோடி உருபா. ஆனால் முன்பு கோடிக்கரை வரை சென்ற தடம் அகத்தியம்பள்ளியோடு நின்றுபோயிற்று.

காலணாவில் பிறந்த தாய்ப்பாதையின் நிலை என்ன? மீட்டர்ப் பாதை அகலப்பாதையாகும் என்று சொல்லித் திருவாரூர் – காரைக்குடிப் பகுதியை 2012-இல் மூடினர். முழுவதும் திறந்தது 2019-இல். அவ்வாண்டு சூன் முதல்நாள் வண்டி ஓடியபோது, கடவுகளுக்குப் போதிய காவலர் இல்லை. ஆகவே காவலர் வண்டியிலேயே ஏறிச் சென்றனர். கடவு வந்ததும் வண்டி நிற்கும். ஒருவர் இறங்கிக் கதவை மூடுவார். வண்டி கடந்து மீண்டும் நிற்கும். மற்றொருவர் இறங்கிக் கதவைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. புதுப்பாதை, பழைய மாட்டுவண்டி விரைவு! அதில் ஆள் ஏறவில்லை என்று எவரேனும் கணக்கெழுதியிருந்தால், அக்கணக்கைக் கொண்டே மறுபடியும் மூடியிருக்கலாம். மக்கள் குரலெழுப்பிய பின்னரே நிலை சிறிது சிறிதாய்த் திருந்தியது. 2023-இலிருந்து தாம்பரம் – செங்கோட்டை விரைவு வண்டி அப்பாதை வழியே செல்கின்றது.

ஆயினும் தரங்கம்பாடிக் கிளை இன்னும் மீளவில்லை. அது மூடப்பட்டு நாற்பதாண்டு ஆகின்றது. கேட்கும் மக்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றனர்.

கிளைப்பாதையை மூடும் நோய் இந்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிரித்தானியாவில் 1963-இல் பீச்சிங் என்பார் அளித்த அறிக்கை, 2,000-க்கும் மேற்பட்ட நிலையங்களையும் ஏறத்தாழ 5,000 கல் நீளப் பாதையையும் மூடச் சொன்னது. அவ்வாறு மூடப்பட்டவற்றுள் ஒன்று, இசுக்காட்லாந்தின் எடின்பராவிலிருந்து தெற்கே எல்லைப்புற ஊர்களுக்குச் சென்ற பாதை. இலண்டன் ஆட்சியின்கீழ் 1969-இல் அது மூடப்பட்டது. முப்பதாண்டுகளுக்குப் பின் இசுக்காட்லாந்து மக்கள் தமக்கென ஒரு நாடாளுமன்றம் பெற்றனர். அம்மன்றம் 2006-இல் சட்டம் இயற்றியது. 2015-இல் அப்பாதையின் வடபகுதியில் மீண்டும் வண்டி ஓடியது. தமிழர் கருத்தூன்றிப் படிக்க வேண்டிய பாடம் இது. பாதையை மூடியவர்க்கு அது வரைபடத்தில் ஒரு கோடு. மீட்டவர்க்கு அது தம் ஊர். முடிவெடுக்கும் உரிமை ஊருக்கு அருகில் வந்தபோதுதான் வண்டியும் ஊருக்கு அருகில் வந்தது.

பழியெல்லாம் தில்லிக்கு உரியதென்று சொல்லித் தமிழர் கைகழுவிவிடவும் முடியாது. மன்னார்குடித் தண்டவாளம் பெயர்ந்தபோதும், தரங்கம்பாடித் தண்டவாளம் பெயர்ந்தபோதும், இது எங்கள் பாட்டன்மார் வரிப்பணம் வளர்த்த இருப்புப்பாதைக் குடும்பத்தின் கிளை என்று நாடு முழுதும் எழுந்து கேட்டதுண்டா? கல்லணை கட்டியவன் பெயரைச் சொல்லிப் பெருமைகொள்ளும் இனம், காலணா சேர்த்து இருப்புப்பாதை இட்ட தன் முன்னோரைப் பள்ளிப் பாடத்தில்கூட நினைக்கவில்லை. தன் உடைமை இன்னதென்று அறியாதவன் வீட்டில் களவு போவது எளிது.

ஆகவே செய்யத்தக்கவை சில உள. தமிழகத்துப் பாதை எதனையும் மூடுவதாயின், தமிழகச் சட்டமன்றத்தின் ஒப்புதலும் அப்பகுதி உள்ளாட்சி மன்றங்களின் ஒப்புதலும் பெற்றே மூட வேண்டும் என்று சட்டம் வேண்டும். கிளைப்பாதையின் கணக்கை எழுதும்போது, அது தலைமைப்பாதைக்குச் சேர்க்கும் வருவாயையும் சேர்த்து எழுத வேண்டும். மூடிய பாதைகளின் நிலத்தை விற்கவோ பிறர்க்கு விடவோ கூடாது. நிலம் இருக்குமாயின் பாதை என்றேனும் மீளும். நிலையங்களிலும் கடவுகளிலும் பணிபுரிவோர் அந்நிலத்து மக்களாக, தமிழறிந்தவராக இருத்தல் வேண்டும். முத்துப்பேட்டைப் பாதை மீண்ட அதே 2019 சூன் திங்களில்தான், நிலைய அலுவலரும் கட்டுப்பாட்டு அறையினரும் தமக்குள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ மட்டுமே பேச வேண்டும் என்று தென்னகத் தொடர்வண்டித்துறையில் ஓர் ஆணை வந்தது. தமிழகம் கொதித்தெழுந்த பின்னரே அதனைத் திரும்பப் பெற்றனர். குரலெழுப்பினால் ஆணையும் திரும்பும் என்பதற்கு அதுவும் சான்று.

திருமழபாடி மக்களும் அரியலூர் மக்களும் பெரம்பலூர் மக்களும் பாதை கேட்பது முறையே. ஆனால் பாதையை மட்டும் கேட்டால் போதாது. பாதையோடு, அதை ஆளும் உரிமையையும் கேட்க வேண்டும். உரிமையின்றி வந்த பாதை, வந்த வழியே போய்விடும் என்பதைத் தரங்கம்பாடி காட்டுகின்றது. தம் பொருளில் பாதை இட முடியும் என்பதை 1894-இலேயே தஞ்சை உழவர் காட்டிவிட்டனர். அன்று காலணா தந்தவர்க்கு இருந்த துணிவு, இன்று கோடிக்கணக்கில் வரி தரும் தமிழர்க்கு இல்லாமற் போகலாமா?